கலமும் உறையும்: கையாற் செய்யப்படும் சூரியத் தகடுகளின் காப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

சூரியவொளியிலிருந்து மின் பெறும் தொழில்நுட்பத்தின் வரலாறு, பொதுவாகக் கலத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1839இல் எட்மண்ட் பெக்கரல் ஒளிமின் விளைவைக் கண்டமை, 1880களில் சார்ள்ஸ் பிரிற்ஸ் செலீனியத்தின்மீது மெல்லிய பொற்படலமிட்டுக் கலம் செய்தமை, 1954 ஏப்ரல் 25இல் பெல் ஆய்வுகூடத்தினர் சிலிக்கன் கலத்தைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டியமை எனப் பெயர்களாலும் ஆண்டுகளாலும் கோக்கப்பட்ட ஒரு மாலையாக அவ்வரலாறு நம்முன் வைக்கப்படுகின்றது. கலத்தைப் போர்த்தி நிற்கும் உறை பற்றி அங்கு பேச்சே எழுவதில்லை. ஆயின் வழக்கிற் சோலார் பனல் எனப்படும் சூரியத் தகடொன்று பழுதடைவது பெரும்பாலும் கலம் தேய்வதனாலன்று. சிலிக்கனில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. ஒளிபட்டு மின் தருவதனால் அது எரிபொருள்போலத் தீர்ந்துபோவதுமில்லை. உறை தோற்கின்றது; நீர் உட்புகுகின்றது; இணைப்புகள் அரிக்கின்றன. தகட்டின் ஆயுள் என நாம் சொல்வது உண்மையில் உறையின் ஆயுளே.

இலக்கிய வரலாற்று மாணவர்க்கு இந்நிலை புதிதன்று. சங்கச் செய்யுள்களைப் பாடியோரை அறிவோம். அவற்றைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையையும் உ. வே. சாமிநாதையரையும் அறிவோம். இவ்விரு சாராருக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில் ஏட்டுக்கு எண்ணெய் பூசிச் செல்லரியாமற் காத்தவர் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. ஆக்கத்தை வரலாறு பதிவு செய்கின்றது; காப்பைப் பதிவு செய்வதில்லை. இக்கட்டுரை காப்பின் பக்கமிருந்து எழுதப்படுகின்றது. தொழிற்சாலைக்கு வெளியே, தம் கையாலேயே தகடு செய்துகொண்டோரை நோக்கி அது செல்லும். உறை பற்றிய அறிவு எவ்வேளையில் எவர் கையில் இருந்தது என்பதே அதன் கேள்வியாகும்.

உறை என்ன செய்யவேண்டும் என்பதை முதலில் நோக்குதல் தகும். இன்றைய சிலிக்கன் கலம் பெரும்பாலும் 0.2 மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புடையது; அப்பளத்தைவிட எளிதில் நொறுங்கும். அதன் முகத்தில் வெள்ளிக் கோடுகள் ஓடுகின்றன. அவற்றின்மீது பற்றாசு பூசிய செப்பு நாடாக்கள் ஒட்டப்பட்டு, ஒரு கலத்தின் முகம் அடுத்ததன் முதுகுடன் தொடுக்கப்படுகின்றது. ஒரு கலம் தருவது ஏறக்குறைய அரை வோல்ற்றளவே. எனவே 12 வோல்ற்று மின்கலவடுக்கொன்றை ஏற்றுவதற்கு 36 கலங்கள் சங்கிலியாகத் தொடுக்கப்படுவது வழக்கம். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் முழுச் சங்கிலியும் பயனற்றதாகும். ஈரலிப்பும் உப்பும் தேடிச் செல்வது இந்த இணைப்புகளைத்தான்.

நீரைத் தடுப்பது மட்டுமே தேவையாயின் கடினமான பிசின் ஒன்றை ஊற்றி மூடிவிடலாம். சிக்கல் வேறோரிடத்தில் உள்ளது. வெயிலிற் காயும் தகடு நள்ளிரவிற் குளிர்கின்றது. வெப்பநிலை 100 பாகை மாறும்போது ஒரு மீற்றர் நீளமான சிலிக்கன் ஏறத்தாழ கால் மில்லிமீற்றர் நீளும். சாதாரண கண்ணாடி 0.9 மில்லிமீற்றர் நீளும். பெர்ஸ்பெக்ஸ் எனப்படும் அக்கிரிலிக்குத் தகடோ ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நீளும். இவ்வாறு வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும் பொருள்களை இறுகப் பிணைத்தால் நொறுங்குவது எது என்பது வெளிப்படை. ஆகவே உறை, இறுகப் பற்றவும் வேண்டும், நெகிழவும் வேண்டும். ஒளியை உள்ளே விடவும் வேண்டும், அதே ஒளியாற் சிதையாதிருக்கவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இக்கோரிக்கைகளின் இயக்கமே உறையின் வரலாறாயிற்று.

தொடக்கத்தில் இம்முரண்பாடு கூர்மையடையவில்லை. 1958 மார்ச்சு 17இல் ஏவப்பட்ட வங்காட் 1 என்னும் செய்மதியில் இரசாயன மின்கலத்தால் இயங்கிய ஒலிபரப்பி சில மாதங்களுள் அடங்கிவிட, சூரியக் கலங்களால் இயங்கியது 1964 வரை ஒலித்தது. விண்வெளியிற் கதிர்வீச்சு உண்டு. அதனைத் தடுக்கக் கலத்தின்மேல் மெல்லிய கண்ணாடி போதும். அங்கு மழையுமில்லை, பறவையின் எச்சமுமில்லை. பணமும் அங்கு ஒரு தடையாக இருக்கவில்லை, போர்ச் செலவினத்தின் நிழலில் வளர்ந்த துறையாதலால். கலம் மண்ணுக்கு இறங்கியபோதே உறைப் பிரச்சினை தோன்றிற்று. யப்பானில் 1966இல் ஒகாமி தீவின் வெளிச்சவீட்டில் 225 வாற்றுத் தகட்டுத் தொகுதி நிறுவப்பட்டபோது, அது எதிர்கொள்ள வேண்டியிருந்தது கடலுப்பையும் புயலையுமாகும்.

1973இல் அமெரிக்காவில் எலியற் பேர்மன் என்னும் இரசாயனவியலாளர், எக்ஸன் எண்ணெய்க் கம்பனியின் முதலீட்டுடன் சோலர் பவர் கோப்பரேசன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். வாற்று ஒன்றுக்கு 100 டொலர் அளவில் இருந்த விலையை அவர் 20 டொலர் அளவுக்குக் குறைத்தமை வரலாற்று நூல்களில் விதந்து கூறப்படுகின்றது. அக்குறைப்பு எவ்வாறு இயன்றது என்பதே நமக்கு முக்கியமானது. குறைக்கடத்தித் தொழிற்சாலைகள் கழித்துவிட்ட சிலிக்கனை அவர் வாங்கினார். விலையுயர்ந்த ஒட்டுப்பொருளை நீக்கிக் கடையிற் கிடைக்கும் சிலிக்கோன் பசையைப் பயன்படுத்தினார். முன்னே அக்கிரிலிக்கு, பின்னே மின்சுற்றுப் பலகை. (சிலிக்கன் ஒரு மூலகம், சிலிக்கோன் அதிலிருந்து பெறப்படும் றப்பர் போன்ற பொருள். பெயரொற்றுமையால் இரண்டையும் மயங்குதல் கூடாது.) அத்தகடுகளை முதலில் வாங்கியவற்றுள் மெக்சிக்கோ வளைகுடாவின் எண்ணெய்க் கிணற்று மேடைகள் அடங்கும். எண்ணெய் மூலதனம் தன் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளை ஏற்றுவதற்காகச் சூரியனை நாடிற்று என்பதில் உள்ள நகைச்சுவை ஒருபுறமிருக்க, வேறொன்று மனங்கொள்ளத்தக்கது. கழிவுக் கலம், ஊற்றும் பசை, பிளாத்திக்கு மூடி ஆகிய மூன்றுமே இன்றுவரை வீட்டில் தகடு செய்வோரின் மூலப்பொருள்கள். அதாவது 1973இல் தொழிற்சாலைக்கும் வீட்டு மேசைக்கும் இடையே உறையைப் பொறுத்தமட்டிற் பெரிய இடைவெளி இருக்கவில்லை. கை அறிந்ததைத்தான் தொழிற்சாலையும் அறிந்திருந்தது.

இவ்விடைவெளி அடுத்த பத்தாண்டுகளில் ஏற்பட்டது. அது பொதுப்பணத்தால் ஏற்பட்டது. எண்ணெய் நெருக்கடியின் பின்னர், 1975இல், கலிபோர்னியாவின் ஜே.பி.எல். ஆய்வுகூடத்திடம் மலிவான சிலிக்கன் தகடுகளை உருவாக்கும் திட்டத்தை அமெரிக்க அரசு ஒப்படைத்தது. 1981இன் பின் றேகன் ஆட்சி சூரியசக்திக்கான நிதியைக் கடுமையாக வெட்டியபோதும் இத்திட்டம் 1986 வரை நீடித்தது. பல உற்பத்தியாளரிடமிருந்து தொகுதி தொகுதியாகத் தகடுகள் வாங்கப்பட்டன. அவை பூச்சியத்திற்குக் கீழ் 40 பாகைக்கும் மேல் 90 பாகைக்கும் இடையே மாறிமாறிக் குளிரூட்டி வெப்பமேற்றப்பட்டன, ஈரவளியில் அடைக்கப்பட்டன, முறுக்கப்பட்டன, பனிக்கட்டி உருண்டைகளால் தாக்கப்பட்டன. ஐந்தாந் தொகுதியில் வெப்பச் சுழற்சிகளின் எண்ணிக்கை 200 ஆயிற்று. தோற்றவை ஏன் தோற்றன என்பது அறிக்கையாக வெளியிடப்பட்டது. மென்மையான சிலிக்கோன் மேற்பரப்பில் தூசி படிந்து மழையாலும் கழுவப்படாது நின்றது. பசை கலத்தைவிட்டு உரிந்தது. நாடாக்கள் வளைந்து வளைந்து ஒடிந்தன.

இத்திட்டத்தின்கீழ் இசுபிறிங்போண் ஆய்வுகூடத்தினர் ஆராய்ந்து தெரிந்த பொருள், எதிலீன் வைனைல் அசற்றேற்று, சுருக்கமாக ஈ.வி.ஏ. இது தாளாக வருவது. கண்ணாடியின்மேல் ஈ.வி.ஏ. தாள், அதன்மேல் கலச் சங்கிலி, மீண்டும் ஈ.வி.ஏ., பின்னால் ரெட்லார் போன்ற நீர்தடுக்கும் படலம் என அடுக்கி, வளியை உறிஞ்சி வெற்றிடமாக்கி, ஏறத்தாழ 150 பாகைக்குச் சூடாக்கி அமுக்கவேண்டும். அச்சூட்டில் ஈ.வி.ஏ. உருகுவது மட்டுமன்றி, உள்ளே கலந்துள்ள பெரொட்சைட்டின் துணையுடன் அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் குறுக்கே பிணைந்துகொள்கின்றன. றப்பரைக் கந்தகமிட்டு வல்கனைசுப் படுத்துதல்போல இதுவும் மீளாத மாற்றம். பின்னர் எவ்வளவு வெயில் எறித்தாலும் அது உருகி வழியாது. 1980களின் தொடக்கத்திலிருந்து தொழில் முழுவதும் இம்முறைக்கு மாறிற்று. 1993இல் வெளியான ஐ.ஈ.சி. 1215 என்னும் சர்வதேச நியமமும், 85 பாகை வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதனிலும் 1000 மணிநேரம் தகட்டை வைத்துப் பார்க்கும் அதன் சோதனையும், இவ்வனுபவத்தின் வழித்தோன்றல்களே.

இதனை ஒரு சதியென விளக்குதல் நேர்மையாகாது. ஈ.வி.ஏ. முறை ஊற்றும் முறையைவிடப் பல வகையிலும் மேலானது. அதற்குரிய அறிக்கைகள் எவரும் படிக்கக்கூடியனவாக இருந்தன. ஆயினும், படிக்கக்கூடிய அறிவும் செய்யக்கூடிய அறிவும் ஒன்றல்ல. அறிவு நூலகத்திற் பொதுவாக இருந்தது. வெற்றிட அமுக்கி இயந்திரமோ தனியுடைமையாக இருந்தது. கைத்திறன் இயந்திரத்துட் புகுந்து, உழைப்பு மூலதனத்தின்கீழ் வெறும் பெயரளவிலன்றி மெய்யாகவே அடங்கும் கட்டம் என மார்க்ஸ் விவரிப்பது நெசவுக்கு மட்டுமுரிய வரலாறன்று. பசை ஊற்றுபவர் தம் கையின் தவறைத் தாமே அறிந்து திருத்த முடியும். இயந்திரத்தின் கதவை மூடித் திறப்பவர் உள்ளே நிகழ்வதை அறிய வேண்டியதில்லை.

புதிய உறையும் தன் முரண்பாட்டைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. கலிபோர்னியாவின் கரிசா சமவெளியில் 1983 முதல் ஆர்க்கோ சோலர் நிறுவனம் அமைத்த மின்நிலையத்தில், மேலதிக ஒளியைத் தகட்டின்மேல் விழச்செய்யும் கண்ணாடிகளும் பொருத்தப்பட்டன. கூடுதல் ஒளியும் அதனால் வந்த சூடும் சேர்ந்து ஈ.வி.ஏ.யை முதலில் மஞ்சளாக்கின, பின்னர் தேயிலைச் சாய நிறமாக்கின. சிதையும் ஈ.வி.ஏ. அசற்றிக்கமிலத்தை, அதாவது வினாகிரியின் அமிலத்தை, வெளிவிடும். அது இணைப்புகளை அரிக்கும். கலத்தைக் காக்க வந்ததே கலத்தின் பகையாயிற்று. 1990களில் நிலையம் கழற்றப்பட்டு, பழுப்பேறிய தகடுகள் பழைய பொருளாக மலிந்த விலைக்கு விற்கப்பட்டன. மின்கம்பி எட்டாத இடங்களில் தம் முயற்சியால் வீடமைத்து வாழ்ந்தவர் பலர் அவற்றை வாங்கினர். பழுப்பேறியவை செத்துவிடவில்லை, குறைந்த மின்னைத் தந்துகொண்டிருந்தன. பெருமூலதனத்திற்குப் பரிவர்த்தனைப் பெறுமதி அற்றுப்போன பொருளில் எளியவர் பயன்பெறுமதியைக் கண்டெடுத்தமைக்கு இது நல்ல சான்று.

இனி, வீட்டு மேசைக்கு வருவோம். 2008ஐ அடுத்த சில ஆண்டுகளில் தொழிற்சாலைத் தகடுகளின் விலை இன்னும் உயர்வாயிருந்தபோது, ஓரமுடைந்த கலங்களும் தரங்குறைந்த கலங்களும் உலகெங்கும் சில்லறையாக விலைப்பட்டன. கலம் எளிதிற் கிடைத்தது, உறை கிடைக்கவில்லை. செய்தவர்கள் மூன்று வழிகளை நாடினர் எனலாம்.

முதலாவது பெட்டி முறை. ஒட்டுப்பலகைத் தட்டில் கலங்களை ஒட்டி, மேலே அக்கிரிலிக்குத் தகட்டைத் திருகாணியிட்டு, விளிம்பைச் சிலிக்கோனால் அடைத்துவிடுதல். சில ஆண்டுகளுக்கு முன் வன்னியில் ஒரு விஞ்ஞான ஆசிரியர் மாணவர்களுடன் சேர்ந்து செய்த அத்தகைய தகடொன்றை நான் கண்டேன். ஆடியில் அது வானொலியை இயக்கிற்று. மார்கழியில் மூடியின் உட்புறம் முழுவதும் நீர்த்துளி. விளிம்பை மும்முறை அடைத்தோம், மழை எங்கிருந்து வருகின்றது என்று தெரியவில்லை என்றார் அவர். மழை வரவேயில்லை என்பதே விடை. நண்பகலிற் பெட்டியுள்ளிருக்கும் வளி சூடேறி விரிந்து, கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளால் வெளியேறுகின்றது. இரவிற் சுருங்கும்போது ஈரவளியை உள்ளிழுக்கின்றது. பெட்டி மூச்சுவிடுகின்றது. அம்மூச்சின் ஈரமே பனியாகிப் பற்றாசின்மேற் படிகின்றது. அன்றியும் மூடிக்கும் கலத்துக்கும் இடையிலுள்ள வளிப்படை ஒளியின் ஒரு பங்கைத் தெறிக்கச் செய்து இழக்க, அடைபட்ட சூடு கலத்தின் வலுவை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 முதல் 0.5 சதவீதம்வரை குறைக்கின்றது. நிழல்பட்ட அல்லது வெடித்த கலமொன்று சங்கிலியின் மின்னைத் தானே உண்டு கொதிக்கத் தொடங்கினால் அடியிலிருப்பது பலகை என்பதையும் மறத்தலாகாது. இத்தகைய பெட்டியைக் கூரையில் ஏற்றிவிட்டு வீட்டில் உறங்குவது உசிதமன்று. விளிம்படைக்க அவர் பயன்படுத்திய மலிவான சிலிக்கோன் வினாகிரி மணம் வீசுவது. கரிசாவில் வந்த அதே அமிலமே இங்கும் இணைப்புகளை அரித்தது. மணமற்ற, நடுநிலையாக உலரும் வகை வேண்டும் என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

இரண்டாவது, படகு கட்டும் பொலியெசுத்தர்ப் பிசினையோ எபொட்சியையோ ஊற்றி மூடுதல். இது ஓரிரு மாதங்களுக்குப் பளிங்குபோல் அழகாயிருக்கும். பின்னர் வெயிலில் மஞ்சளாகும். இறுகும்போதே சுருங்குவதால் கலங்களில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். ஈ.வி.ஏ. தாளை வாங்கிச் சுடுவளித் துப்பாக்கியால் உருக்கி ஒட்டுவோரும் உளர். வெற்றிடமின்மையாற் குமிழிகள் நிற்கும். 150 பாகை சீராகக் கிட்டாமையால் தாள் உருகுமேயன்றிப் பிணையாது. அதன் உருகுநிலை 70 பாகை அளவிலேயே உள்ளது. கடும் வெயிலிற் காயும் தகடு அந்நிலைக்கு அண்மையில் வந்துவிடும்.

மூன்றாவது வழியே ஆழ்ந்து நோக்கத்தக்கது. தெளிந்த, இரு பகுதியாக வரும் சிலிக்கோன் றப்பரைக் கண்ணாடியின்மேல் ஊற்றிக் கலங்களை அதனுட் பதித்தல். இதற்கெனப் பெயர்பெற்றது சில்காட் 184. நிறையில் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்திற் கலக்கவேண்டும். அறை வெப்பநிலையில் இரண்டு நாளளவில் இறுகும். வெயிலில் மஞ்சளாவதில்லை, நெகிழ்வானதாதலால் கலத்தை நொறுக்குவதுமில்லை. ஆனால் அதுவும் நுண்ணிய கவனத்தைக் கோருவது. கந்தகம் பட்டால் அது இறுகாது. சாதாரண றப்பர்க் கையுறையோடு தொட்டவிடம் பிசுபிசுப்பாகவே நிற்கும். பற்றாசு வைக்கும்போது பூசிய இளக்கியின் எச்சம் மதுசாரத்தால் துடைக்கப்படாவிடினும் அவ்வாறே. விலையோ கட்டடச் சிலிக்கோனின் விலையிலும் பன்மடங்கு.

இம்முறையைத் தனிமனிதப் பொழுதுபோக்கினின்றும் கூட்டு உழைப்பாக மாற்றிய இடங்களுள் நிக்கராகுவா முதன்மையானது. 1979இன் சந்தினிசுத்தாப் புரட்சியின் பின் அமெரிக்கா ஊட்டிவளர்த்த கொன்றாப் போர், ஒந்துராஸ் எல்லையை அண்டிய வட மாவட்டங்களிற் கண்ணிவெடிகளை விட்டுச் சென்றது. தலைநகர் மனாகுவாவின் தேசிய பொறியியற் பல்கலைக்கழகத்தை ஒட்டி 1990களில் உருவான குருப்போ பெனிக்ஸ் என்னும் குழு, தொத்தகால்ப்பாப் பகுதியில் அவ்வெடிகளால் அங்கமிழந்தோருக்குத் தகடு செய்யக் கற்பித்தது. பின்னர் சபானா கிராந்தே கிராமத்துப் பெண்கள் அத்தொழிலை ஏற்றனர். அவர்கள் அமைத்த கூட்டுறவு தொத்தகால்ப்பாவின் சூரியப் பெண்கள் என்னும் பெயர் பெற்றது. இங்கு பயிற்சியளித்தோருள் ஒருவரான றிச்சட் கொம்ப் என்னும் அமெரிக்கப் பௌதிகவியலாளர், 1981இலேயே சூரியக் கலங்கள் பற்றிச் சாதாரண வாசகர்க்காக நூல் எழுதியவர். குடிசைக் கைத்தொழிலாகத் தகடு செய்தல் இயலும் என்பதைப் பல ஏழை நாடுகளிற் கற்பித்துத் திரிந்தவர். தொழிற்சாலைகள் கழித்த கலங்கள், கண்ணாடி, சிலிக்கோன், பற்றாசுக் கோல், அலுமினியச் சட்டம். அமுக்கி இயந்திரம் இல்லை.

ஏறத்தாழ 1973இன் தொழிற்சாலை முறைதான் இது. ஆயினும் இங்கு உற்பத்தி உறவு வேறு. பற்றாசு வைத்தவளே ஊற்றுகின்றாள். அவளே பக்கத்து வீட்டுக் கூரையில் ஏற்றுகின்றாள். பழுதென்றால் அவளிடமே அது திரும்பி வருகின்றது. நெகிழ்ந்த சிலிக்கோனைக் கத்தியாற் கீறி, கெட்ட கலத்தை எடுத்து, புதியதை வைத்து மீண்டும் ஊற்ற முடியும். தொழிற்சாலைத் தகட்டில் அது நினைக்கவும் முடியாதது.

இதனைக் கனவுலகாக்கிப் பேசுதல் தகாது. 2012 அளவில் தொழிற்சாலைத் தகட்டின் விலை வாற்று ஒன்றுக்கு ஒரு டொலருக்குக் கீழிறங்கிவிட்டது. சிலிக்கோனுக்கும் கண்ணாடிக்கும் கொடுக்கும் பணத்துக்கே முழுத் தகட்டை வாங்கலாம் என்ற நிலை வந்தபின், கையாற் செய்வதன் பொருளாதார நியாயம் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. கைத்தறியின் கதையே இங்கும் நிகழ்ந்தது. முப்பது ஆண்டு நிற்கக்கூடிய தகட்டை ஏழையும் வாங்க முடிவது முன்னேற்றமே; அதனை மறுக்கும் முற்போக்குவாதம் வெறும் பழமை விருப்பாகும்.

ஆனால் விலை எதனால் இறங்கிற்று என்பதும் கேட்கப்படவேண்டும். கலத்தின் செலவு வீழ்ந்தபின், செலவைக் குறைக்க நோக்கிய கண் உறைமேலும் விழுந்தது. 2010ஐ அடுத்த சில ஆண்டுகளில் ரெட்லாருக்குப் பதிலாகப் பொலியமைட்டுப் பின்படலம் பூண்டு வந்த தகடுகள் பல, ஆய்வுகூடத்தின் 1000 மணிநேரச் சோதனையைத் தாண்டியவை. வெயிலில் ஒரு பத்தாண்டு நிற்குமுன்னரே அவற்றின் முதுகு பாளம் பாளமாக வெடித்தது. ஈரலிப்பையும் வெயிலையும் வெப்பச் சுழற்சியையும் தனித்தனியாகச் சோதித்தவர்கள், மூன்றும் ஒருங்கே வரும் ஒரு சாதாரண பகலைச் சோதிக்கவில்லை. வன்னி ஆசிரியரின் பெட்டியும் இப்பெரிய தகடும் தோற்ற விதம் வேறாயினும், அடியில் உள்ள அறியாமை ஒன்றே. ஒருவரிடம் அவ்வறிவு சேரவில்லை. மற்றவரிடம் அதற்குச் செலவிட நேரமில்லை.

நன்றாகப் பிணைந்த உறையிலோ இன்னொரு சிக்கல் காத்திருக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் மின்கழிவு பற்றிய தன் சட்டத்துள் சூரியத் தகடுகளையும் சேர்த்தது. பழைய தகட்டின் நிறையிற் பெரும்பங்கு கண்ணாடி. அதனுடன் அலுமினியமும் சிலிக்கனும் செம்பும் சிறிது வெள்ளியும் உள்ளன. இவற்றைப் பிரித்தெடுக்கவேண்டுமாயின் மீளாதபடி பிணைந்த ஈ.வி.ஏ.யை அகற்றவேண்டும். அது உருகாது, எளிதிற் கரையாது. எனவே பல இடங்களிலும் தகட்டை முழுதாக அரைத்துத் தூளாக்கி, கண்ணாடித் தூளைத் தரங்குறைந்த வேலைகளுக்கு விற்கின்றார்கள். சில ஆலைகளில் அதனைச் சூளையிலிட்டு 500 பாகை அளவிற் சூடாக்கி உறையை எரிக்கின்றார்கள். புளோரின் கொண்ட பின்படலம் எரியும்போது எழும் நச்சுவாயுவைத் தனியே பிடித்துக் கழுவவும் வேண்டியிருக்கின்றது. சாம்பலுக்குள்ளிருந்து கலம் பெரும்பாலும் துண்டு துண்டாகவே வெளிவருகின்றது.